லேலோங் போன வீடு, மிச்சப் பணம் யாருக்கு?

நிலம், வீடு, வரி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சுற்றியே வருகின்றன: லேலோங். (மலாய்க்காரர் சொல்லும் லேலோங்கும் நாம் சொல்லும் ஏலமும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் வாரிசுகள். கப்பலில் வந்த வார்த்தை இரண்டு கரையிலும் இறங்கிவிட்டது.) பதில்களுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கையில் உள்ள தாளின் தலைப்பில் என்ன எண் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ‘போராங் 16டி’ (16டி படிவம்) என்றால் கடன் கொடுத்தவர் அனுப்பியது. அந்த வழியின் கடைசியில் விற்பனை இருக்கிறது. விற்பனை இருந்தால் மிச்சம் வரவும் வழி இருக்கிறது. ‘போராங் 6ஏ’ என்றால் நில அலுவலகம் அனுப்பியது. அதன் கடைசியில் விற்பனையே கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் அலைகிறார்கள்.

கேள்வி: எங்கள் ஒற்றை மாடி லிங்க் வீட்டை, கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் வழியாக வங்கி லேலோங் விட்டது. 320,000 வெள்ளிக்குப் போனது. கடன் பாக்கி 214,000தான். ஐந்து மாதமாகிறது, ஒரு கடிதம்கூட வரவில்லை. மிச்சத்தை வங்கியே வைத்துக்கொள்ளலாமா?
வாசகி, செந்தூல்

பதில்: வைத்துக்கொள்ள முடியாது, அம்மா. ஏலப் பணத்தை யார் யாருக்கு, எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 268ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய நிலவரி, ஊராட்சி மன்றத்துக்குச் சேர வேண்டிய மதிப்பீட்டு வரி போன்ற பாக்கிகள். பிறகு விற்பனைச் செலவு. அதன் பிறகு அடமானம் பிடித்த வங்கியின் கடன். இரண்டாவது அடமானம் இருந்தால் அடுத்து அது. எல்லாம் போக மீதி, கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெயர் உள்ளவருக்கு.

ஆனால் 320,000இல் 214,000ஐக் கழித்து 106,000 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுத்தியல் விழுந்த அன்றே வட்டி நிற்பதில்லை. வாங்கியவர் முழுப் பணத்தையும் கட்ட 120 நாள் அவகாசம் உண்டு. பொதுவாக அதுவரை வட்டி ஓடும். 214,000க்கு ஆண்டுக்கு 4.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 26 வெள்ளி 38 காசு, 120 நாளுக்கு ஏறக்குறைய 3,166 வெள்ளி. உதாரணத்துக்கு நிலவரி பாக்கி 480, மதிப்பீட்டு வரி பாக்கி 1,860, வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், விளம்பரச் செலவுகள் சேர்த்து 9,500 என்று போட்டால் உங்கள் கைக்கு வருவது 90,994 வெள்ளி. இந்த மூன்று தொகைகளும் கணக்கு விளங்குவதற்காக நாங்கள் போட்டவை; உங்கள் கோப்பில் வேறாக இருக்கும்.

ஐந்து மாதம் என்பதும் பயப்பட வேண்டிய காலமல்ல. 120 நாளே நான்கு மாதம். அதற்கு மேல் நீதிமன்றம் வாங்கியவருக்கு விற்பனைச் சான்றிதழ் (போராங் 16எஃப்) கொடுக்க வேண்டும், வங்கி கணக்கை மூட வேண்டும். ஆறாவது மாதமும் மௌனம் என்றால் சும்மா இருக்கக் கூடாது.

அப்போது செய்ய வேண்டியது ஒரு கடிதம். வங்கியின் கடன் வசூல் பிரிவுக்கும், அவர்களின் வழக்கறிஞர் நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை ஏஆர் (பெற்றுக்கொண்ட அத்தாட்சியுடன் கூடிய) பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வழக்கின் சமன் பெமுலா (தொடக்க அழைப்பாணை) எண், கடன் கணக்கு எண், அடையாள அட்டை எண், ஏலம் நடந்த தேதி, போன விலை எல்லாம் முதல் பத்தியிலேயே வரட்டும். அடுத்து, ‘மீதி எவ்வளவு’ என்று கேட்காமல், ‘முழுக் கணக்கையும் இனவாரியாகத் தாருங்கள்’ என்று கேளுங்கள். முழுப் பணம் வந்த தேதியில் கடன் எவ்வளவு, தினசரி வட்டி எவ்வளவு, வழக்கறிஞர் கட்டண ரசீதுகள், மதிப்பீட்டுக் கட்டணம், காப்புறுதிச் சந்தா, கட்டிய நிலவரி, மதிப்பீட்டு வரி ஆகியவை அதில் இருக்க வேண்டும். பதிலுக்கு 14 நாள் கொடுங்கள்.

இன்னொன்றைப் பலர் கேட்கவே மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீடு இதற்கு முன் ஒரு தடவை ஏலம் போய், வாங்கியவர் மீதியைக் கட்ட முடியாமல் கைவிட்டிருந்தால், அவருடைய 10 விழுக்காடு முன்பணம் பறிமுதலாகியிருக்கும். அது வங்கியின் லாபம் அல்ல. 267ஏ பிரிவின்படி அந்த ஏலச் செலவு போக மீதியை உங்கள் கடன் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 300,000 வெள்ளி வீட்டில் அது 30,000. கணக்கில் அந்த வரி இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

பணம் எங்கே சிக்கும்? பெரும்பாலும் முகவரியில். வங்கி கடிதம் அனுப்பும் முகவரி, ஏலம் போன அதே வீடு. நீங்கள் அங்கே இல்லை. புதியவர் கடிதத்தை வாசற்படியிலேயே விட்டுவிடுவார். ஆகவே வீட்டைக் காலி செய்த அன்றே புதிய முகவரியையும் கைப்பேசி எண்ணையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்தது பெயர். கடன் மகன் பெயரில், கிராண்ட் அப்பா பெயரில் என்றால் மிச்சம் அப்பாவுக்குத்தான், மகனுக்கு அல்ல. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கிராண்ட் இருந்தால் ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது. உரிமையாளர் திவாலாகியிருந்தால் மிச்சம் திவால் துறையின் தலைமை இயக்குநருக்குப் போகும். நிலத்தின் மேல் யாராவது கேவியட் (உரிமை கோரும் தடைக் குறிப்பு) போட்டிருந்தாலோ, இரண்டு பேர் மிச்சத்துக்கு உரிமை கோரினாலோ, வங்கி தானாக முடிவெடுக்காமல் நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

கடன் எடுத்தபோது எம்ஆர்டிஏ (கடன் வாங்கியவர் இறந்தால் வீட்டுக் கடனைத் தீர்க்கும்) காப்புறுதிக்கு மொத்தமாகச் சந்தா கட்டியிருந்தால் அதையும் விசாரியுங்கள். கடன் முடிந்ததும் காப்புறுதியின் மீதிக் காலத்துக்கு ஒப்படைப்பு மதிப்பு இருக்கக்கூடும். அது ஏலக் கணக்கில் வராது; காப்புறுதி நிறுவனத்திடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வங்கி பதிலே சொல்லாவிட்டால் முதலில் வங்கிக்குள்ளேயே உள்ள புகார்ப் பிரிவு, அடுத்து மத்திய வங்கியான பேங்க் நெகாரா. வங்கியின் இறுதிப் பதில் வந்த பிறகும் மனக்குறை இருந்தால் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இது 250,000 வெள்ளி வரையிலான வழக்குகளைக் கேட்கிறது; இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: தாத்தா பெயரில் முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. எட்டு ஆண்டாக யாரும் நிலவரி கட்டவில்லை. 6ஏ நோட்டீஸ் வந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மொத்த பாக்கி ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கும். நிலத்தை அரசாங்கம் விற்றால் வரி போக மீதியை நாங்கள் வாங்கிக்கொள்ளலாமா? எங்களுக்கு அந்த நிலம் உபயோகமில்லை.
வாசகர், நிபோங் திபால்

பதில்: ஐயா, இந்தத் தாளை வைத்துக்கொண்டு மிச்சத்துக்குக் காத்திருந்தால் மிஞ்சப்போவது ஒன்றுமில்லை. சுக்காய் தானா (நிலவரி) பாக்கிக்காக அரசாங்கம் நிலத்தை ஏலம் விட்டு, வரியை எடுத்துக்கொண்டு, மீதியை உங்கள் கையில் கொடுக்கும் ஏற்பாடு நம் சட்டத்தில் இல்லை. நிலமே பறிமுதல். ஆயிரம் வெள்ளி பாக்கியானாலும் சரி, மூன்று லட்சம் வெள்ளி நிலமானாலும் சரி.

நடப்பது இதுதான். நிலவரி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி கட்ட வேண்டியதாகிறது. மே 31க்குள் கட்டாவிட்டால் ஜூன் 1 முதல் பாக்கி, அதன் மேல் தாமதக் கட்டணம். பிறகு 97ஆம் பிரிவின் கீழ் 6ஏ நோட்டீஸ். அது வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதில் சொன்ன முழுத் தொகையையும் கட்ட வேண்டும். பாதி கட்டினால் கெடு நிற்காது. மூன்று மாதம் தாண்டினால் 100ஆம் பிரிவின்படி நிலம் மாநில அரசுக்குப் போய்விட்டதாக உத்தரவு, பிறகு அரசிதழில் பறிமுதல் அறிவிப்பான போராங் 8ஏ. அது வெளியானதும் தாத்தாவின் உரிமை, அதில் யாருக்காவது இருந்த அடமானம், குத்தகை எல்லாம் அழிந்துவிடும். நிலத்தின் மேல் கட்டிய வீட்டுக்குக்கூட நஷ்டஈடு கிடையாது என்று 131ஆம் பிரிவு சொல்கிறது.

‘நோட்டீஸ் எங்கள் கைக்கு வரவே இல்லையே’ என்பது பலரும் சொல்லும் வாதம். பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதுவும் முடியாவிட்டால் நிலத்திலேயே ஒட்டலாம், அரசிதழில் போடலாம் என்று சட்டம் வழி வைத்திருக்கிறது. தாத்தாவின் முகவரி 1970களின் தோட்டத்து லயன் வீடாக இருந்தால் தபால் அங்கேதான் போயிருக்கும். முகவரியை மாற்றாதது நம் பக்கத்துக் குறை.

ஆகவே நாளைக் காலையே நில அலுவலகம் போங்கள். அந்த நிலத்துக்கு ஒரு சாரியான் (பதிவேட்டுத் தேடல்) எடுத்துப் பாருங்கள். 6ஏ கொடுத்தது கிராண்டின் பதிவேட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும், தேதியோடு. அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். கெடு இருந்தால் கவுண்டரிலேயே முழுத் தொகையைக் கட்டிவிடுங்கள். வரி கட்டுபவர் தாத்தாவாகவே இருக்க வேண்டியதில்லை. கிராண்ட் எண் இருந்தால் போதும், பேரன் கட்டலாம். ரசீதைப் பத்திரப்படுத்தி, பதிவேட்டிலுள்ள குறிப்பை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கெடு தாண்டி, 8ஏவும் வெளியாகியிருந்தால் இரண்டு வழி உண்டு. நீதிமன்றத்தில் மேல்முறையீடு: நோட்டீஸ் கொடுத்த முறையிலோ வேறு நடைமுறையிலோ சட்டப்படி தவறு இருந்தால் மட்டும்தான் எடுபடும், காலக்கெடு மூன்று மாதம். ‘பணம் இல்லை’, ‘மறந்துவிட்டோம்’ என்பதெல்லாம் அங்கே காரணம் ஆகாது. மற்றது, பறிமுதலை ரத்து செய்யும்படி மாநில அரசுக்கு 133ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பம். அது அரசின் விருப்பம். ஒப்புக்கொண்டால் பாக்கியோடு தண்டத் தொகையும் வரும்.

நிலம் உபயோகமில்லை என்றால் பாக்கியைக் கட்டிவிட்டு, தாத்தாவின் சொத்துக்கு வாரிசு விண்ணப்பம் போட்டு, உங்கள் பெயரில் மாற்றி, நீங்களே விற்றுக்கொள்ளுங்கள். ஆயிரத்துச் சொச்சத்துக்காக முக்கால் ஏக்கரை விடுவது பெருங்காயத்துக்குப் பயந்து சாம்பாரையே கொட்டுவது போல.

அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்போது பினாங்கிலும் கோலாலம்பூரிலும் ஸ்ட்ராட்டா வீடுகளுக்கு மொத்தக் கட்டடத்துக்கான நிலவரிக்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ‘சுக்காய் பெத்தாக்’ வருகிறது. நிர்வாகம் கட்டிக்கொள்ளும் என்று இனி இருக்க முடியாது. இதிலும் பாக்கி முற்றினால் பறிமுதல் உண்டு.

கேள்வி: வீட்டுக்காரர் சுக்காய் பிந்து (மதிப்பீட்டு வரி) கட்டவில்லையாம். மன்றத்து ஆட்கள் வாரண்ட்டோடு வந்து, வாடகைக்கு இருக்கும் எங்கள் ஐஸ்பெட்டியையும் டிவியையும் எழுதிக்கொண்டு போனார்கள். எங்கள் சாமான்மேல் கை வைக்கலாமா?
வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கேட்க அநியாயம்தான், ஆனால் வைக்கலாம். 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் 148ஆம் பிரிவு, அந்த வீட்டுக்குள் இருக்கும் அசையும் பொருள் யாருடையதானாலும் பிடிக்க இடம் கொடுக்கிறது. ஏழு நாளுக்குள் பாக்கி கட்டாவிட்டால் ஏலம் விடலாம். அதே சட்டம் உங்களுக்கும் ஒரு கதவு வைத்திருக்கிறது: ஜப்தியைத் தடுக்க நீங்கள் பாக்கியைக் கட்டினால், அந்தத் தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். கட்டிய ரசீதின் படத்தை அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, எந்தெந்த மாத வாடகையில் எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். வாயால் சொன்னால் நாளை அதுவே வாடகை பாக்கியாகிவிடும். மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு தவணை, பிப்ரவரி கடைசியும் ஆகஸ்ட் கடைசியும் கெடு. செப்டம்பரில் ஒரு தடவை வீட்டுக்காரரைக் கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த என் தம்பி காலமாகிவிட்டான். மணமாகாதவன், பெற்றோரும் இல்லை. அவன் வீட்டை வரி பாக்கிக்காகக் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) ஏலம் விட்டதாகவும், ‘உபரித் தொகை’ இருப்பதாகவும், 40 விழுக்காடு தந்தால் வாங்கித் தருவதாகவும் ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. மோசடியா?
வாசகி, ஜெலுத்தோங்

பதில்: உபரித் தொகை என்பது பொய்யல்ல, அங்கே அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நிபோங் திபால் வாசகருக்குச் சொன்னதற்கு நேர் எதிரான ஏற்பாடு. அமெரிக்காவில் வீட்டுவரியை வசூலிப்பது கவுண்டி. பல ஆண்டு கட்டாவிட்டால் வீட்டை எடுத்து ஏலம் விடும். முன்பெல்லாம் சில மாநிலங்களில் வரி போக மீதியையும் கவுண்டியே விழுங்கிவிடும். மிச்சிகனின் ஓக்லண்ட் கவுண்டியில் 8 டாலர் 41 காசு குறைவாகக் கட்டிய ஒருவரின் வீடு 24,500 டாலருக்குப் போனது. மீதி முழுவதையும் கவுண்டி வைத்துக்கொண்டது. ரஃபாயேலி வழக்கு என்று பெயர். 2020 ஜூலையில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அது கூடாது என்றது. 2023 மே 25இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே, ஹெனபின் கவுண்டிக்கு எதிராக ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதையே சொன்னார்கள். அவருடைய கடன் ஏறக்குறைய 15,000 டாலர், வீடு போனது 40,000க்கு. மீதி 25,000 அவருடையது, வரி வாங்குபவனுடையது அல்ல என்பது தீர்ப்பு.

ஆகவே பணம் இருக்கலாம். கேள்வி, அதை இன்னும் கேட்க முடியுமா என்பது. மிச்சிகனில் ஒரு பொறி இருக்கிறது. வீடு மார்ச் 31ஆம் தேதி கவுண்டியின் கைக்குப் போகிறது. மீதியை நான் கோரப்போகிறேன் என்று 5743 எண் படிவத்தைக் கவுண்டிப் பொருளாளரிடம் சேர்க்க வேண்டிய கடைசி நாள் அதே ஆண்டு ஜூலை 1. ஏலமோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அதாவது வீடு விற்குமா, எவ்வளவுக்கு விற்கும் என்று தெரிவதற்கு முன்பே மனுப் போட்டிருக்க வேண்டும். படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்து வேண்டும். நேரில் கொடுக்க வேண்டும், அல்லது பெற்றுக்கொண்ட அத்தாட்சியுடன் சான்றுத் தபாலில் போக வேண்டும். சாதாரணத் தபாலும் மின்னஞ்சலும் செல்லாது. மனுப் போட்டவர்களுக்கு அடுத்த ஆண்டு ஜனவரிக்குள் பொருளாளர் தொகை விவரம் அனுப்புவார். பிப்ரவரி 1 முதல் மே 15க்குள் அந்தக் கவுண்டியின் சர்க்யூட் நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட வேண்டும். விற்ற விலையில் 5 விழுக்காடு கவுண்டிக்குக் கமிஷன், வரி, செலவு, வீட்டின் மேல் வேறு கடன் இருந்தால் அது, எல்லாம் போக மீதி.

நிறுவனத்துக்குப் பதில் எழுதும் முன் இரண்டு தேதிகளைக் கண்டுபிடியுங்கள். வீடு கவுண்டிக்குப் போன மார்ச் 31 எந்த ஆண்டு? ஜூலை 1க்குள் தம்பி சார்பில் யாராவது 5743 சேர்த்தார்களா? இரண்டையும் கவுண்டிப் பொருளாளர் அலுவலகமே சொல்லும். வீட்டின் முகவரியோ பார்சல் எண்ணோ போதும், கட்டணம் இல்லை. ஜூலை 1 தாண்டி யாரும் சேர்க்கவில்லை என்றால், உங்களுக்கு மூடிய கதவை அந்த நிறுவனத்துக்காக யாரும் திறக்கப்போவதில்லை. அப்படியிருந்தும் ‘பதிவுக் கட்டணம்’ என்று முன்பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள்.

ஜூலை 1 இன்னும் வரவில்லை என்றால் வேலை அவசரம். அக்கா என்பதால் மட்டும் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. தம்பி இறக்கும்போது குடியிருந்த கவுண்டியின் புரோபேட் (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும்) நீதிமன்றம் அவர் சொத்துக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். மனைவி, பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாததால் உடன்பிறந்தவர்களுக்கு வரும். வேறு உடன்பிறப்புகள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு. இதற்கு மிச்சிகன் வழக்கறிஞர் தேவைப்படும். அவருக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை; 40 விழுக்காடுதான் வீண். நோட்டரி கையெழுத்துக்கு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். ஒரு முத்திரைக்கு 50 டாலர். பினாங்கிலிருந்து ஒரு நாள் பயணம். போகும் முன் படிவத்தைப் பூர்த்தி செய்துகொள்ளுங்கள், கையெழுத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வீட்டிலேயே போட்டுவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் கெடு மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். டெக்சஸில் ஏலம் நடந்து இரண்டு ஆண்டு. அங்கே வழக்கறிஞர் கட்டணமே 25 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. கலிஃபோர்னியாவில் வாங்கியவரின் பத்திரம் பதிவாகி ஓர் ஆண்டு. டெக்சஸில் உள்ள உறவினர் ‘இரண்டு வருஷம் இருக்கே’ என்று சொல்வதை நம்பி மிச்சிகன் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் கொண்டோவுக்கு இன்னும் ஸ்ட்ராட்டா கிராண்ட் வரவில்லை. வங்கி நீதிமன்றம் போகாமலே லேலோங் விடுகிறது. இரண்டு தடவை ஆள் வரவில்லை. விலை இறங்கிக்கொண்டே போகிறது. மிச்சத்துக்குப் பதில் துண்டு விழுந்தால்?
வாசகர், கெப்போங்

பதில்: தனி கிராண்ட் இல்லாத வீட்டில் நிலச் சட்டப்படி அடமானம் பதிவு செய்ய முடியாது. அதனால் கடன் ஒப்பந்தத்திலேயே உரிமையை வங்கிக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அந்த ஒப்பந்தத்தின் பலத்தில் வங்கி தனியார் ஏலக்காரரை வைத்து நேரடியாக விற்கும். இங்கேயும் மிச்சம் வந்தால் உங்களுடையதுதான்.

ஆனால் விலையைக் கவனியுங்கள். ஆள் வராத ஒவ்வொரு ஏலத்துக்கும் அடிப்படை விலை வழக்கமாக 10 விழுக்காடு இறங்கும். 400,000 என்று தொடங்கினால் அடுத்தது 360,000, பிறகு 324,000, நான்காவது தடவை 291,600. நான்கே சுற்றில் ஒரு லட்சத்துக்கு மேல் கரைந்துவிட்டது. இடையில் வட்டியும் ஏலச் செலவும் கூடிக்கொண்டிருக்கும். பராமரிப்புக் கட்டண பாக்கி வேறு. ஆகவே மிச்சம் வேண்டுமென்றால் அது முதல் ஏலத்துக்கு முன்பே தீர்மானமாகிறது. வங்கியிடம் எழுத்தில் அனுமதி கேட்டு, நீங்களே சந்தை விலைக்கு ஆள் பிடிப்பதுதான் நல்ல வழி. முன்பணம் கட்டத் தயாரான ஒருவரின் கடிதத்தோடு போனால் வங்கிகள் ஏலத்தைத் தள்ளிப் போட யோசிக்கும். வெறுங்கையோடு போனால் கேட்காது.

துண்டு விழுந்தால் அந்தத் தொகைக்கு வங்கி வழக்குப் போடலாம். திவாலாக்க வேண்டுமானால் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். நட்புக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை, அது சொந்தமாகக் குடியிருக்க வாங்கிய வீட்டுக் கடன் என்றால், திவாலாக்க முடியாது. வழக்கு வரும் முன் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பில் போய்ப் பேசுங்கள், கட்டணம் இல்லை. ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கின் ஒரு பகுதியான அக்காவுன் செஜாத்ராவிலிருந்து வீட்டுக் கடனைக் குறைக்க ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம். ஆனால் விலை ஏற்கனவே இரண்டு தடவை இறங்கிய வீட்டில் ஓய்வுக்கால காசைப் போடுவதற்கு முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாங்களாக இருந்தால் தயங்குவோம்.

கேள்வி: நீதிமன்ற இணைய லேலோங்கில் வீடு வாங்க நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: முன்பணம் அடிப்படை விலையில் 10 விழுக்காடு. மீதிக்கு 120 நாள், ஒரு நாள்கூட நீட்டிப்பு கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. வங்கிக் கடன் அதற்குள் வராவிட்டால் முன்பணம் போச்சு. ஏலத்துக்கு முன்பே வங்கியில் பேசிவிடுங்கள், கிடைத்த முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போடுங்கள். விற்பனை அறிவிப்பில் வரி, பராமரிப்புக் கட்டண பாக்கியை யார் தலையில் போட்டிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். வீடு காலியாகக் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. வாசலில் செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது; அவர்களை வெளியேற்றும் செலவும் உங்களுடையது.

கேள்வி: அம்மாவின் வீடு பல ஆண்டுக்கு முன் லேலோங் போனது. அம்மா இறந்துவிட்டார். மிச்சப் பணம் ‘கோரப்படாத பணத்தில்’ கிடப்பதாக ஒரு முகவர் சொல்லி, 20 விழுக்காடு கேட்கிறார்.
வாசகர், ஜின்ஜாங்

பதில்: முகவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் இலவசமாகத் தெரியும். கொடுக்க வேண்டிய பணத்தை ஆள் கேட்டு வராமல் வங்கி வைத்திருந்தால், காலப்போக்கில் அது கோரப்படாத பணச் சட்டத்தின் கீழ் அரசாங்கத் தலைமைக் கணக்காளர் துறைக்குப் போகிறது. அந்தத் துறையின் இகுமிஸ் இணையத்தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அம்மாவின் பழைய அடையாள அட்டை எண்ணையும் போட்டுப் பாருங்கள். பழைய வங்கிக் கோப்புகளில் அந்த எண்தான் இருக்கும், பலர் புதிய எண்ணை மட்டும் போட்டுவிட்டு இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். வீடு விற்றாகிவிட்டதால் இப்போது இருப்பது அசையும் சொத்து. அம்மாவின் அசையும் சொத்து 600,000 வெள்ளிக்குள், உயிலும் இல்லை என்றால் அமானா ராயா என்ற அறங்காவல் நிறுவனத்தில் எளிய முறையில் முடிக்கலாம். அப்பா இருந்து, அம்மாவின் பெற்றோர் இல்லை என்றால் அவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. முகவர் நீட்டும் சூராட் குவாசாவில் (அதிகாரப் பத்திரத்தில்) மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: நாளை மறுநாள் எங்கள் வீடு உயர்நீதிமன்றத்தில் லேலோங். அண்ணன் இப்போதுதான் பணம் தருவதாக ஒப்புக்கொண்டார். இனி நிறுத்த முடியுமா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சுத்தியல் விழும் வரை முடியும், 266ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் தவணை பாக்கி மட்டும் போதாது. வங்கி மொத்தக் கடனையும் திரும்பக் கேட்டிருக்கும், அதையும் செலவுகளையும் சேர்த்துக் கட்ட வேண்டும். தவணை பாக்கியை மட்டும் கட்டிவிட்டுக் கணக்கைத் தொடரலாமா என்பது வங்கியின் சம்மதத்தைப் பொறுத்தது. இன்றே வங்கியின் வழக்கறிஞரை அழைத்து, நாளைய தேதிக்கான முழுத் தொகையை எழுத்தில் கேளுங்கள். காசோலை வேண்டாம், வங்கி டிராஃப்ட் அல்லது உடனடி மாற்றம். கட்டியதும் ‘கட்டியாகிவிட்டது’ என்ற ரசீதோடு திரும்பிவிடாதீர்கள். ஏலத்தை நிறுத்தச் சொல்லி வழக்கறிஞர் நீதிமன்றப் பதிவகத்துக்கு அனுப்பும் கடிதத்தின் நகலை, பெற்றுக்கொண்ட முத்திரையோடு, கையில் வாங்குங்கள். ஏல நாள் காலையில் லெபு லைட் நீதிமன்றத்தில் யாராவது ஒருவர் அந்த நகலோடு நிற்கட்டும்.